டிராக்டர்காரர்

லம்போர்கினி என்றதும் எனக்கு முதலில் டிராக்டர்தான் நினைவுக்கு வரும். சிரிக்காதீர்கள். ஃபெரூச்சியோ லம்போர்கினி இத்தாலிய விவசாயி மகன். இரண்டாம் உலகப் போர் முடிந்து மலிவாகக் கிடைத்த ராணுவ வண்டிகளின் பாகங்களை வைத்து டிராக்டர் செய்து பணக்காரரானவர்.

ஃபெராரி வாங்கினார், கிளட்ச் அடிக்கடி தகராறு. என்சோ ஃபெராரியிடமே போய்ச் சொல்ல, "உனக்கு டிராக்டர்தான் ஓட்டத் தெரியும்" என்கிற தொனியில் பதில் வந்ததாம். லம்போர்கினியே பிற்காலத்தில் சொன்ன கதை. கொஞ்சம் மசாலா இருக்கலாம். ஆனால் 1963-ல் சாந்த் அகாதாவில் கார் தொழிற்சாலை எழுந்தது நிஜம். சின்னத்தில் காளை, மேற்கத்தியக் கணக்கில் அவர் ரிஷப ராசி.

1966-ல் வந்த மியூராதான் என் காதல். ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், குறுக்குவாட்டில் 12 சிலிண்டர் எஞ்சின்! இளம் பொறியாளர்கள் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் வரைந்தது. முதலாளிக்கே ஆரம்பத்தில் அவ்வளவு ஆர்வமில்லை.

1970-களில் நெருக்கடி. பங்குகளை விற்றுவிட்டுத் திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விட்டார். கம்பெனி 1978-ல் திவாலானது, கிரைஸ்லர் கைக்குப் போனது, இந்தோனேசியர்களிடம் போனது, 1998-ல் ஆடியிடம் வந்து நின்றது.

அவரோ ஒயின் தயாரித்துக்கொண்டிருந்தார். அதற்கு வைத்த பெயர்: 'மியூராவின் ரத்தம்'.