நின்ற பிறகு ஏறும் சூடு

மோட்டார் காருக்கு வரும் வியாதிகளில் மிகவும் கள்ளத்தனமானது எது என்று என்னைக் கேட்டால், சூடான வண்டி மறுபடி கிளம்ப மறுப்பதுதான் என்பேன். காலையில் சாவியைத் தொட்டதும் உயிர் பெறும். ஐம்பது கிலோமீட்டர் ஓடச் சொல்லுங்கள், முகம் சுளிக்காமல் ஓடும். நடுவில் இருபது நிமிஷம் நிறுத்தினால் தீர்ந்தது. ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றோ சுற்றென்று சுற்றும். என்ஜின் வாயைத் திறக்காது. ஒரு மணி நேரம் அலைந்து மெக்கானிக்கை அழைத்து வந்தால், ஒன்றுமே நடவாதது போல் உடனே கிளம்பும். மெக்கானிக் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

என்னிடம் இருந்தது இருபது வயசு தாண்டிய பெட்ரோல் கார். கார்புரேட்டர் காலம் முடிந்து, பெட்ரோலை ஊசி போட்டது போல் பீய்ச்சும் 'இன்ஜெக்‌ஷன்' முறை நம் ஊர்க் கார்களுக்கு வந்த புதிதில் செய்தது. 2000-ஆம் வருஷம் ஏப்ரலில் நாடெங்கும் புகைக் கட்டுப்பாடு கடுமையானதும் கார்புரேட்டர் மெள்ள மெள்ள விடைபெற்றுக் கொண்டது. எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லப் போவதில்லை. இருபது வருஷம் உழைத்த கிழவனின் இருமலுக்குப் பெற்றவர்களைக் குறை சொல்லலாமா?

இது வெறும் தொந்தரவாக மட்டும் இருந்தால் இதைப் பற்றி எழுதவே மாட்டேன். என் அக்காவின் வீடு அரியலூரில். மாமாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் இரண்டு தடவை பெரம்பலூரில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த சமயம் அது. இரண்டு ஊருக்கும் நடுவே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அழைத்து வருவதும் கொண்டுபோய் விடுவதும் என் பொறுப்பு. நாலு மணி நேரம் அந்த இயந்திரத்தோடு படுத்திருந்து எழுந்தவருக்குச் சில நாள் ரத்த அழுத்தம் இறங்கிவிடும். "மாப்ளே, கண்ணைக் கட்டுது, கொஞ்சம் நிறுத்து" என்பார். புளிய மரத்தடியில் நிறுத்தி, ஸீட்டைச் சாய்த்துப் படுக்க வைப்பேன். கால் மணியில் தெளிந்துவிடுவார். வண்டிதான் தெளியாது.

அரியலூர்ச் சாலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பல கோடி வருஷங்களுக்கு முன் அந்தப் பூமி கடலாக இருந்ததாம். அந்தக் கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக் கல்லை வெட்டிச் சிமெண்டுத் தொழிற்சாலைகளுக்கு ஏற்றிப் போகும் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக வரும். அந்தப் புழுதியிலும் வெயிலிலும், வெளுத்த முகத்தோடு ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு சாவியைத் திருகிக்கொண்டே இருப்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

வைத்தியர்களுக்குக் குறைவில்லை. ஒருவர் பாட்டரி என்றார், மாற்றினேன். இன்னொருவர் பெட்ரோல் பம்ப் என்றார், அதையும் மாற்றினேன். மூன்றாமவர், "பெட்ரோலே சரியில்லை, பங்க்கை மாத்துங்க" என்றார். அது ஒன்றுதான் செலவில்லாத யோசனை.

கடைசியில் துறையூர் சாலையில் சின்னக் கொட்டகை போட்டிருந்த ஒரு பாயிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் பானெட்டைத் திறக்கவில்லை, கேள்வி கேட்டார்.

"நிறுத்தின உடனே போட்டா எடுக்குதா, சார்?"

"எடுக்கிறது, பாய்."

"கால் மணி கழிச்சு?"

"எடுக்கவில்லை."

"ஒன்றரை மணி கழிச்சு?"

"முதல் தட்டிலேயே."

"அப்ப நோவு வரும்போதுதான் நாடி பார்க்கணும்" என்று என்னையும் ஏற்றிக்கொண்டு அரியலூர்ச் சாலையில் பாதி தூரம் போய்த் திரும்பினார். கொட்டகை வாசலில் நிறுத்திவிட்டு டீ சொன்னார்.

டீ ஆறும் நேரத்தில் அவர் சொன்ன விஷயம், கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்த எனக்குப் புதிதாக இருந்தது. ஓடும் வண்டியைவிட நிறுத்திய வண்டியின் பானெட்டுக்கு அடியில்தான் சூடு அதிகம். ஓடும்போது தண்ணீர் சுற்றுகிறது, காற்று அடிக்கிறது. நிறுத்தினதும் இரண்டும் நின்றுவிடும். என்ஜினின் வயிற்றில் கிடக்கும் சூடோ வெளியே கிளம்பி, பக்கத்தில் உள்ள எல்லாவற்றையும் வேக வைக்கும். கால் மணி, அரை மணி வரை அப்படி ஏறிவிட்டுப் பிறகுதான் தணியும்.

பெட்ரோலில் உள்ள இலேசான பகுதிகள் சாதாரணமாக 40 டிகிரி வாக்கிலேயே கொதிக்கத் தொடங்கும். சித்திரை மாதத்துப் பெரம்பலூரில் அது நிழலிலேயே அடிக்கிற சூடு! குழாய்க்குள் அழுத்தம் இருந்தால் கொதிக்காது. பம்பின் அடைப்பு வால்வோ, இன்ஜெக்டரோ கசிந்து அழுத்தம் இறங்கினால், எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் ஆவி இருக்கும். இது பழைய வம்பு. ஜெர்மனியின் போஷ் கம்பெனி 1973-இல் கொண்டுவந்த கே-ஜெட்ரானிக் முறையில், நிறுத்திய பிறகும் அழுத்தத்தைப் பிடித்து வைக்கவென்றே தனியாக ஒரு சிறு கலம் வைத்திருந்தார்கள். அம்பாஸடர் நாட்களில் டிரைவர்கள் என்ஜினோடு ஒட்டிய பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றியதும் இந்த ஆவிக்குப் பயந்துதான்.

டீ முடிந்தது. பாய் சாவியைத் திருப்பினார். எதிர்பார்த்தபடி வண்டி எடுக்கவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்!

"ஸ்டார்ட்டர் ஜோராச் சுத்துது, பாட்டரி குத்தமில்லே" என்றார். பின்னால் போய்ப் புகைக்குழாயை முகர்ந்தார். சூட்டை அளக்கும் சென்சார் பொய் சொல்லி, வெந்த என்ஜினைக் குளிர்ந்தது என்று கம்ப்யூட்டரிடம் கோள் மூட்டினால், பெட்ரோல் அதிகம் ஊற்றி என்ஜின் மூழ்கிவிடும். அப்போது நெடி மூக்கைத் துளைக்கும். நெடி இல்லை. பிளக்கைக் கழற்றிச் சுற்றிப் பார்த்தார். பொறியும் இல்லை.

"பெட்ரோல் ஆவியாப் போனா பொறி ஏன் போவணும், சார்? ரெண்டும் ஒண்ணா நின்னா, ரெண்டுக்கும் உத்தரவு குடுக்கிறவன் தூங்கறான்னு அர்த்தம்."

உத்தரவுக்குக் காரணமான ஆள் கிராங்க் சென்சார். கட்டை விரல் அளவுள்ள ஒரு காந்தச் சுருள். சுழலும் சக்கரத்தின் பற்களை எண்ணி, 'என்ஜின் சுற்றுகிறது' என்று கம்ப்யூட்டருக்குச் சேதி சொல்வது அதன் வேலை. சேதி வராவிட்டால் கம்ப்யூட்டர் பொறியும் தராது, பெட்ரோலும் தராது. சாவி போட்டதும் பம்ப் இரண்டு விநாடி முனகியதைக் கேட்டுத்தான் முந்திய வைத்தியர்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். சுருளின் கம்பியில் மயிரிழை விரிசல். சூட்டில் விலகும், ஆறினால் ஒட்டும். மீட்டரை வைத்தார், முள் அசையவில்லை. ஈரத்துணியைப் பிழிந்து அதன் மேல் போர்த்தினார். ஐந்து நிமிஷத்தில் முள் எழுந்தது; வண்டியும் எழுந்தது. அம்பாஸடர் காலத்து ஈரத்துணிக்கு இப்படி ஒரு புது உத்தியோகம்!

புது சென்சாருக்கு ஆன செலவு, நான் முன்பு மாற்றிய பம்பின் விலைக்குப் பக்கத்திலேயே வராது. பாய் அதற்கு மேல் டீக்காசு கூட வாங்கவில்லை.

சாமானை மாற்றுவது ஒரு வித்தை, நோயைக் கண்டுபிடிப்பது வேறு வித்தை. முன்னதற்குக் கையும் காசும் போதும். பின்னதற்குப் பொறுமை வேண்டும். வண்டி மக்கர் பண்ணும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க மனசு வேண்டும். வைத்திய சாலைகளிலும் நான் தேடியது இந்த மனசைத்தான். எல்லா இடத்திலும் கிடைத்தது என்று சொல்ல முடியாது.

பாயின் கதையை மாமாவிடம் சொன்னபோது கண்ணை மூடியபடியே கேட்டார். "எனக்கும் அப்படித்தான் மாப்ளே. ஓடிக்கிட்டிருந்த வரைக்கும் ஒண்ணும் தெரியலே" என்றார். நாற்பது வருஷம் ஓயாமல் உழைத்த மனிதர். அதன் பிறகு பதினெட்டு மாதம் அவரை அந்தக் காரிலேயே அழைத்துப் போனேன். மரத்தடியில் எத்தனையோ தடவை நிறுத்தினோம். ஒரு தடவைகூட அது அவரைக் காக்க வைக்கவில்லை.