பெயர் மட்டும் திரும்பி வந்தால்?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

பட்டிமன்றத்தில் தோற்றவன் எழுதும் கட்டுரை இது. தோற்றவனுக்கே உரிய புலம்பல் ஆங்காங்கே தலைகாட்டினால் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

சென்ற பருவத்தில் நம் தமிழ் மன்றத்தார் ஒரு புதுமையான தலைப்பைக் கொடுத்தார்கள். 'மறைந்துபோன அம்பாசிடர் கார் அதே பெயரில் மீண்டும் வரலாமா, வரக்கூடாதா?' என்பது தலைப்பு. கம்பனையும் கண்ணகியையும் கேட்டுப் பழகிய மேடைக்கு இது எங்கிருந்து வந்து சேர்ந்தது என்று பலர் முணுமுணுத்தனர். எனக்கோ உள்ளம் துள்ளியது. ஏனெனில், என் அப்பா அம்பாசிடர் ஓட்டியவர். 'வரலாம்' என்ற அணியில் கேட்டு வாங்கிப் பெயர் கொடுத்தேன். ('மகிழுந்து' என்று எழுதாமல் 'கார்' என்றே எழுதுவதற்குத் தமிழ்த்துறை ஐயா என்னை மன்னிக்க வேண்டும். மகிழுந்து என்று எழுதினால் என் அப்பாவின் வண்டி எனக்கே அந்நியமாகி விடுகிறது.)

அப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆவுடையார்கோவிலில் ஒரு முதலாளியிடம் பல ஆண்டுகள் கார் ஓட்டினார். 2010-இல் அம்மாவின் நகையை அடகு வைத்து அந்த முதலாளியிடமிருந்தே ஒரு பழைய டீசல் அம்பாசிடரை வாங்கினார். அப்போது எனக்கு வயது ஐந்து. வண்டி வீட்டுக்கு வந்த அன்று சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் அடியில் நசுக்கி, பாட்டியை முன்சீட்டில் உட்கார வைத்து ஆத்மநாதசுவாமி கோவில் வாசல் வரை ஓட்டிப் போனார். அந்த முன்சீட்டு, இந்தக் காலத்து வண்டிகளில் இருப்பதுபோல் இரண்டாகப் பிரிந்தது அன்று. ஒரே பலகைபோல் நீண்டு கிடக்கும். அப்பா, பாட்டி, நடுவில் நான். பின்னால் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கும் வழக்கமே எங்கள் பக்கத்தில் இல்லை.

பட்டிமன்றத்திற்காக நூலகத்திலும் செய்தித்தாள்களிலும் தேடித் திரட்டியவற்றை இங்கே சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். பிர்லா குடும்பத்தார் 1942-இல் தொடங்கிய இந்துஸ்தான் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் மூன்றாம் வரிசையைத் தழுவி 1957-இல் அம்பாசிடரைக் கொண்டு வந்தது. கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில்தான் உற்பத்தி. அமைச்சர் முதல் ஆட்சியர் வரை அதில்தான் போனார்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு நிலைமை மாறிற்று. எனினும் வாடகை வண்டியாக அது நிலைத்து நின்றது. 2013-இல் பி.பி.சி.யின் 'டாப் கியர்' நிகழ்ச்சியில் உலகின் சிறந்த வாடகைக் கார் என்ற பெயரைப் பெற்றது. அடுத்த ஆண்டே, 2014 மே மாதத்தில், உத்தரபாராத் தொழிற்சாலை நின்றது. பாராட்டு விழா முடிந்த கையோடு படுக்கையில் விழுந்த பெரியவர்போல!

2017 பிப்ரவரியில் 'அம்பாசிடர்' என்ற பெயரைப் பிரான்சு நாட்டுப் பெஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. 2021-இல் பெஜோவின் குழுமம் வேறொரு குழுமத்தோடு இணைந்து ஸ்டெல்லாண்டிஸ் ஆயிற்று. அவர்களுடைய சிட்ரோயன் கார்கள் நம் திருவள்ளூரில்தான் உருவாகின்றன. பெயர் இருக்கிறது, தொழிற்சாலையும் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. ஆனால், அந்தப் பெயரில் ஒரு வண்டியும் சாலைக்கு வரவில்லை. அதே இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் 2002 வரை தயாரித்த காண்டெசா என்ற நீண்ட கார், இன்றும் பலர் 'இந்தியாவின் மசில் கார்' என்று சொல்லிப் பெருமூச்சு விடுவது, அதன் பெயரும் 2022-இல் கைமாறியது. அதுவும் பெயராகவே இருக்கிறது.

மேடையில் நான் என்ன பேசினேன்? கசா புயலைப் பேசினேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய அந்தப் புயலை இங்கே படிக்கும் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. நம்மில் பலருடைய வீட்டுத் தென்னைகள் அன்றுதான் சாய்ந்தன. நான் அப்போது எட்டாம் வகுப்பு மாணவன். பொழுது விடிந்தபோது மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை, சாலையே இல்லை. பக்கத்துத் தெரு அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்து விட்டது. ஆம்புலன்சு வர வழியில்லை. அப்பா வண்டியை எடுத்தார். டிக்கியில் அரிவாள், கோடரி, வடக்கயிறு. முன்னால் அப்பாவோடு இரண்டு பேர், அவர்கள் மடியில் பாதியாக நான். பின்சீட்டில் படுத்தபடி அக்கா, தலைமாட்டில் அவருடைய அம்மா, கால்மாட்டில் என் பாட்டி. அறந்தாங்கிக்கு வழக்கமாக அரைமணி நேரம்கூட ஆகாது. அன்று நான்கு மணிக்கு மேல் ஆயிற்று. மரத்தை வெட்டுவது, கயிற்றைக் கட்டி வண்டியால் இழுப்பது, பத்தடி போவது, மறுபடி வெட்டுவது. கருவேலங்காட்டு ஓரமாக இறங்கி, சேற்றில் ஏறி, எப்படியோ அரசு மருத்துவமனை வாசலில் போய் நின்றோம். அன்று மாலை பெண் குழந்தை பிறந்தது. அவள் இப்போது எங்கள் தெருவில் சைக்கிள் விடுகிறாள்.

இதைச் சொல்லி முடித்தபோது அரங்கம் அதிர்ந்தது. அந்த மயக்கத்தில் எங்கள் ஊர்க் கோவிலையும் துணைக்கு அழைத்தேன். "எங்கள் ஆவுடையார்கோவில் கருவறையில் லிங்கம் இல்லை; ஆவுடை மட்டுமே இருக்கிறது. புழுங்கலரிசிச் சோற்றின் ஆவியைத்தான் படைக்கிறோம். உருவம் இல்லாத இடத்தில் வழிபாடு நடக்கும்போது, பழைய உருவம் இல்லாத காருக்குப் பழைய பெயர் மட்டும் ஏன் ஆகாது?" என்று கேட்டு அமர்ந்தேன். கைதட்டல் ஓயவில்லை. வென்றுவிட்டோம் என்றே எண்ணினேன்.

எதிரணியில் வேதியியல் துறைத் தோழி ஒருவர் எழுந்தார். நிதானமாகத் தொடங்கினார். "நண்பர் அவருடைய ஊர்க் கோவிலைப் பற்றிச் சொன்னார். பாதியைத்தான் சொன்னார். குதிரை வாங்கி வரச் சொல்லிப் பாண்டியன் கொடுத்த பொன்னை மாணிக்கவாசகர் அங்கே திருப்பணிக்குச் செலவிட்டார். மதுரைக்குக் குதிரைகள் வந்தன. இரவில் என்ன ஆயிற்று? அத்தனையும் நரிகளாகி ஊளையிட்டன. லாயத்தில் முன்பே நின்ற நல்ல குதிரைகளையும் கடித்துக் குதறின. குதிரை என்று பெயர் சொல்லி ஒப்படைத்தால் நரி குதிரையாகி விடுமா?"

அவ்வளவுதான். என் ஊர்க் கதையாலேயே என்னை அடித்துவிட்டார். அதோடு விடவில்லை. அமெரிக்காவில் 1966-இல் வந்த டாட்ஜ் சார்ஜர் என்ற மசில் காரை எடுத்துக்கொண்டார். இரண்டு கதவு, பெரிய எஞ்சின், உறுமும் ஓசை. அதுவே அதன் அழகு. இடையில் மறைந்திருந்த அந்தப் பெயரைப் பின்னர் 2006-ஆம் ஆண்டு மாடலில் நான்கு கதவுக் காருக்குச் சூட்டினார்கள்; பழைய அன்பர்கள் கொதித்தார்கள். 2024-இல் அதே பெயரில் மின்சாரக் காரே வந்தது. மின்சாரக் காருக்கு ஏது உறுமல்? ஆகவே உறுமலைச் செயற்கையாக உண்டாக்கும் ஒரு கருவியைப் பொருத்தி விட்டார்களாம். "இது பரியா, நரியா?" என்று அவர் கேட்டபோது நடுவர் ஐயாவே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். தீர்ப்பை நான் இங்கே எழுத வேண்டுமா?

அன்று மாலைப் பேருந்தில் ஊர் திரும்பும்வரை அவருக்கான பதில்களையே மனத்துக்குள் அடுக்கிக்கொண்டு வந்தேன். பேருந்தில் தோன்றும் பதில்களுக்குத் தீர்ப்பு சொல்ல நடுவர் ஏது? சேத்தக்கைச் சொல்லியிருக்கலாம். ராணா பிரதாப்பின் குதிரையின் பெயர் அது. பஜாஜ் ஸ்கூட்டர் அந்தப் பெயரோடு மறைந்து, 2019-இல் மின்சார வண்டியாக அறிவிக்கப்பட்டு இன்று நம் தெருக்களில் ஓடுகிறது. அது யாரையும் கடிக்கவில்லையே! புல்லட்டையும் சொல்லியிருக்கலாம். 1955-இல் சென்னையில் தொடங்கிய கூட்டு முயற்சி அது. இங்கிலாந்தில் தாய் நிறுவனம் மூடப்பட்ட பின்னும் திருவொற்றியூரில் வண்டி செய்வது நிற்கவில்லை. அங்கே பெயரைப் புதைக்கவும் இல்லை, தோண்டி எடுக்கவும் இல்லை. பெயரும் வண்டியும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாமலே வந்துவிட்டன. இதைச் சொல்லியிருந்தாலும் நான் தோற்றிருப்பேன் என்பது வேறு செய்தி. ஏனெனில், புல்லட் என் அணிக்கா அவர் அணிக்கா என்பதில் எனக்கே இப்போது ஐயம்.

வீட்டில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். கசாவைப் பேசிக் கைதட்டல் வாங்கியதைச் சற்று அழுத்தியே சொன்னேன். அவர் மகிழ்வார் என்று நினைத்தேன்.

"ஏறி உக்காந்தவனுக்கு அது மகாராசா வண்டி தம்பி. ஓட்டுனவனுக்கு அது பொழப்பு. ஓட்டுனவன்ட்ட நீ கேக்கவே இல்லையே?"

"கசாவுக்கு அந்த வண்டிதானேப்பா போச்சு?"

"வண்டியா போச்சு? ரெண்டு பேரு கோடரியோட வந்தாங்க. உங்க அப்பாயி கூடவே வந்துச்சு. அதான் போச்சு. அன்னிக்கு மாட்டுவண்டி இருந்தாலும் பூட்டிருப்பேன்."

எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. உண்மையில் நான் அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை. 2023-இல் அந்த வண்டியை விற்றோம். தகுதிச் சான்றுக்குக் கொண்டு போவதென்றால் செய்ய வேண்டிய வேலைக்கு வண்டியின் விலையைவிட அதிகம் ஆகும் நிலை. கல்யாண வீட்டுக்காரர்களும் ஏ.சி. வண்டி கேட்கத் தொடங்கி நாளாகி விட்டது. பழைய இரும்புக் கடைக்காரர் சுற்றிச் சுற்றி வந்து 38,000 ரூபாய் கொடுத்தார். அடகு வைத்திருந்த அம்மாவின் கம்மலை அதில்தான் மீட்டோம். அப்பா இப்போது ஓர் அரிசி ஆலைக்குச் சரக்கு வண்டி ஓட்டுகிறார். அந்த வருமானத்தில்தான் நான் உங்களோடு வகுப்பில் அமர்ந்திருக்கிறேன்.

இந்த இரண்டு தொகைகளையும் அன்றிரவு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எஞ்சின், கதவு, சக்கரம், கசாவில் நசுங்கிய முன்பக்கம் எல்லாம் சேர்ந்த முழு வண்டிக்கு 38,000. ஒரு திருகாணிகூட இல்லாத வெறும் பெயருக்கு 80 கோடி. ஆய்வகத்தில் எதை எடுத்தாலும் எடை போட்டுக் குறித்துக்கொள்ளப் பழகிய எனக்கு இந்தக் கணக்கு பிடிபடவே இல்லை. அந்தப் பெயருக்கு அவ்வளவு விலையை ஏற்றியது யார்? விளம்பரம் எழுதியவர்களா? நடு இரவில் கதவைத் தட்டியதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிய ஓட்டுநர்கள்தாம் என்பது என் எண்ணம். ஊருக்கு ஊர் அப்படிப் பலர் இருந்திருப்பார்கள். 80 கோடியில் அவர்களுக்கு என்ன பங்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்குச் சட்டத்தில் இடமும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஆகையால், பட்டிமன்றத்தில் பேசியதை இப்போது திருத்திக்கொள்கிறேன். அம்பாசிடர் வரட்டும், வாடகை வண்டியாக வரட்டும். அறந்தாங்கி ஸ்டாண்டில் நிற்கும் ஒருவர் கடன் வாங்கியாவது வாங்கக்கூடிய விலையில் வரட்டும். மின்சாரத்தில் ஓடினாலும் எனக்குத் தடையில்லை; தேயும் உறுப்புகள் அதில் குறைவு என்பதால் ஓட்டுநருக்கு அது ஆதாயமே. ஆனால், வேப்பமரத்தடிப் பட்டறைக்கார அண்ணன் திறந்து பார்க்க முடியாதபடி கணிப்பொறியால் பூட்டி வைத்த வண்டியாக இருந்தால் என்ன செய்வது? அப்பாவின் வண்டியை அந்த அண்ணன் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துப் பூட்டுவார். உருண்டையான பானெட்டும் வட்ட விளக்கும் வைத்து, நகரத்துச் செல்வர்கள் ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்ப்பதற்காக ஒன்றைச் செய்து அதற்கு இந்தப் பெயரைச் சூட்டுவதானால், வேதியியல் தோழி சொன்னதே சரி. அந்தப் பெயர் காகிதத்திலேயே கிடக்கட்டும்.

மறுநாள் காலை அப்பாவிடம் ஒன்று கேட்டேன். "அப்போ அந்தப் பேரு வேணாங்கிறீங்களாப்பா?"

உடனே பதில் வரவில்லை. எங்கள் ஊரில் அப்பாவின் சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பலருக்குத் தெரியாது. 'அம்பாசிடர்காரர் வீடு' என்றால் சிறு பிள்ளையும் வழி காட்டும். வண்டி போய் இரண்டு ஆண்டுகள் கடந்தும் அந்தப் பெயர் போகவில்லை. இந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தபோதுகூடத் தேநீர்க் கடையில் 'அம்பாசிடர் மகன் காலேசுக்குப் போகுது' என்றுதான் பேசிக்கொண்டார்கள். பெஜோ நிறுவனத்தாருக்கு இது தெரிந்தால் வழக்குப் போடுவார்களோ என்னவோ!

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சரக்கு வண்டியின் சாவியை ஆணியிலிருந்து எடுத்தார். வாசலில் இறங்கியவர் நின்று திரும்பினார்.

"வந்தா எவ்வளவு சொல்லுவான் தம்பி?"

"இன்னும் வண்டியே வரலப்பா."

"சரி. வந்தா டிக்கி பழைய அளவுக்கு இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லு."