இரவுக்குறி

மதுக்கூடங்களை இரவில் இத்தனை மணிக்குள் மூட வேண்டும் என்ற விதியை மேற்கு பெர்லின் 1949இலேயே நீக்கிவிட்டது. வெள்ளி, சனி இரவுகளில் அங்கே சுரங்க ரயில் விடிய விடிய ஓடுகிறது. இரவு இரண்டு மணிக்கு நான் ஏறிய பெட்டியில் வேலை முடிந்த களைப்பில் ஒருத்தி கண்மூடி இருந்தாள். நடனக்கூடத்திலிருந்து வந்த பெண்கள் செருப்பைக் கையில் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்கள். 'இந்நேரத்தில் எங்கே?' என்று யாரும் கேட்கவில்லை.

அகப்பாடல்களில் இரவுக்குறியைப் பாடம் நடத்துகிறவள் நான். காட்டையும் ஆற்றையும் கடந்து வருபவன் தலைவன். தலைவியின் இரவோ வீட்டார் பேச்சு கேட்கும் தொலைவோடு முடிந்துவிடும்.

மறுநாள் லாண்ட்வேர் கால்வாய்க்குப் போனேன். 1919 ஜனவரி 15 இரவில் ரோசா லக்சம்பர்க்கைக் கொன்ற படைவீரர்கள் உடலை இந்தத் தண்ணீரில்தான் வீசினார்கள். மே மாத இறுதியில்தான் உடல் கிடைத்தது. கரையில் அவர் பெயர் இரும்பு எழுத்துகளாக நிற்கிறது. அவர் கொல்லப்பட்ட நான்காம் நாள், ஜனவரி 19இல், ஜெர்மன் பெண்கள் முதன்முறையாக நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தார்கள். அவர் அந்த வரிசையில் இல்லை.

எங்கள் மாணவியர் விடுதிக் கதவை மாலை ஆறரைக்குப் பூட்டுகிறார்கள். உள்ளே இருக்கும் பெண்கள் வாக்குரிமை பெற்றவர்கள்.