இரு கதவா, நாற்கதவா?

மாந்தர்க்கு நேரும் ஐயங்கள் பல. அவற்றுட் சில உயிரைப் பற்றியன. சில பொருளைப் பற்றியன. வேறு சில, முதலிற் சிறியன போலத் தோன்றி, ஆராயுந்தோறும் பெரியனவாய் விரிவன. கதவைப் பற்றிய ஐயம் இம்மூன்றாம் வகையைச் சார்ந்தது. ஒரு விரைவு மோட்டார் வண்டிக்கு இரண்டு கதவுகள் சிறந்தனவோ, நான்கு கதவுகள் சிறந்தனவோ என்னும் வினா சென்ற ஆண்டில் ஏறக்குறைய மூன்று திங்கள் எம் இல்லத்திற் குடியிருந்தது. தமிழ் பயிலும் மாணாக்கராகிய எமக்கு மோட்டார் வண்டியொடு யாது தொடர்பு என்று நண்பர் நகைப்பர். அவர்க்கு விடையாகவும், அவ்வினாவினுள்ளே யாம் கண்ட பொருளை இம்மலர் படிப்பார் முன் வைத்தற்காகவும் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

எம் தமையனார் ஜெர்மனி நாட்டு மியூனிக் மாநகரில் பொறியாளராய் அமர்ந்துள்ளார். பள்ளிப் பருவத்தே கணக்கேட்டின் ஓரங்களிலெல்லாம் பந்தய வண்டிகளை வரைந்து ஆசிரியரிடம் ஏச்சுப் பெற்றவர் அவர். சிறுகச் சிறுகச் சேமித்த பொருள் கொண்டு, அந்நகரிலேயே தலைமை நிலையம் உடைய பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தாரின் எம்-3 என்னும் வண்டி ஒன்றை வாங்க விழைந்தார். புதியது வாங்க அப்பொருள் போதாது. ஆகவே பிறர் ஆண்டு விற்கும் பழைய வண்டிகளுள் ஒன்றைத் தேடலானார். அவர் உள்ளம் பற்றியது 2007 முதல் 2013 வரை செய்யப்பெற்ற தலைமுறை. அதன் எஞ்சினில் எட்டு சிலிண்டர்கள் இரு வரிசையாய்ச் சாய்ந்து நிற்கும். கொள்ளளவு 3,999 கன சென்டிமீட்டர். நிமிடத்திற்கு 8,300 சுழற்சியில் அது 420 குதிரைத்திறன் தரும். மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேற் செல்லாவண்ணம் மின்கருவியாற் கட்டுப்படுத்தியுள்ளனர். ‘இத்துணை வேகம் எதற்கு?’ என்று எம் தாயார் வினவினார். அந்நாட்டுப் பெருவழிகளின் பல பகுதிகளில் வேக வரம்பு இல்லை என்றும், 130 கிலோமீட்டர் என்பது அறிவுரையளவே என்றும் தமையனார் விடை கூறினார். அவ்விடை தாயாரின் அச்சத்தைப் பெருக்கியதேயன்றிக் குறைக்கவில்லை.

தேடலின் முடிவில் இரண்டு வண்டிகள் எஞ்சின. ஒன்று 2009-ஆம் ஆண்டினதாகிய கருநிற இரு கதவு வண்டி. மற்றொன்று 2010-ஆம் ஆண்டினதாகிய வெள்ளிநிற நாற்கதவு வண்டி. இரண்டிற்கும் எஞ்சின் ஒன்றே; கையால் மாற்றும் ஆறு படிக் கியரும் ஒன்றே; விலையும் ஏறக்குறைய ஒன்றே. அந்நாட்டிற் பழைய வண்டிகளை ஈராண்டுக்கொருமுறை அரசு விதிப்படி சோதிப்பர். அச்சோதனையிலும் இரண்டும் தேறியிருந்தன. வரும் கோடையில் எம் பெற்றோர் முதன்முறையாக அந்நாடு செல்வதாய் இருந்தனர்; அவர்களை ஏற்றிச் செல்லும் வண்டியும் இதுவே. ஆதலின் தமையனார் இரண்டன் படங்களையும் எமக்கு விடுத்து, ‘தம்பி, நீ நடுநின்று எண்ணிச் சொல்’ என்றார். யாமும் ஆராயப் புகுந்தோம்.

சொல்லே எம் பாடமாதலின், முதற்கண் பெயர்களை நோக்கினோம். இரு கதவு வண்டியைக் கூபே என்பர். இது ‘வெட்டப்பட்டது’ என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல். குதிரை வண்டிக் காலத்தில், எதிரெதிரே இரண்டு இருக்கைகள் கொண்ட பெரிய வண்டியின் முன்னிருக்கையை வெட்டி நீக்கி, இருவர் மட்டும் அமருமாறு குறுக்கிய வண்டிக்கு அப்பெயர் வழங்கிற்று. நாற்கதவு வண்டியை ஆங்கிலேயர் சலூன் என்பர். அமெரிக்கர் செடான் என்பர். செடான் என்பது, முன்னாளில் இங்கிலாந்தில் இருவர் தண்டு பற்றிச் சுமந்து சென்ற பெட்டி நாற்காலியின் பெயர். நம் நாட்டுப் பல்லக்கிற்கு அதனை உறவெனலாம். எனவே ஒரு பெயர் இருக்கையைக் குறைத்தலை உணர்த்துவது. மற்றொரு பெயர் பிறராற் சுமக்கப்படுதலை நினைவூட்டுவது. இவ்விரு கருத்துகளும் பின்னர் எம் இல்லத்து வழக்கில் மீண்டும் தலைகாட்டின.

இனி, வண்டியை ஆக்கியோரே இவ்வினாவில் ஒருபால் நின்றிலர். முதல் எம்-3 1986-இல் பந்தயத்தின் பொருட்டுப் பிறந்தது. ‘குரூப் ஏ’ என்னும் பந்தயப் பிரிவிற் புக வேண்டின், அவ்வகையில் 5,000 வண்டிகளைப் பன்னிரண்டு திங்களுட் செய்தல் வேண்டும் என்பது அந்நாள் விதி. பந்தயம் ஓடுவானுக்குப் பின்கதவு எதற்கு? ஆதலின் அஃது இரு கதவே பெற்றது. 1992-இல் வந்த இரண்டாம் தலைமுறை இரு கதவுடன் தொடங்கி, 1994-இல் நாற்கதவும் பெற்றது. 2000-ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் தலைமுறை பின்கதவை மீண்டும் துறந்தது. தமையனார் விரும்பிய நான்காம் தலைமுறை இரண்டையும் ஏற்றது. அத்தலைமுறையில் ஏறத்தாழ 40,000 கூபேக்களும், திறந்த கூரையுடையன 16,000-மும், செடான்கள் 10,000 அளவினவுமே செய்யப்பெற்றன. குடும்பத்திற்குரிய நாற்கதவே மிகுதி என்று எண்ணுவார்க்கு இது வியப்பளிக்கும். பழைய வண்டி தேடுவார்க்குக் கூபேயில் தெரிந்தெடுக்க இடமுண்டு. செடான் அரிதிற் கிடைப்பது. 2014-இல் வந்த தலைமுறையிலோ, ஆக்கியோர் பெயரையே பிரித்துவிட்டனர். எம்-3 என்னும் பழம்பெயர் நாற்கதவிற்கு நின்றது. இரு கதவு எம்-4 எனப் புதுப்பெயர் பெற்றது. பந்தயக் களத்தில் இரு கதவுடன் பிறந்த பெயர் ஈற்றில் நாற்கதவிற்கு உரிமையாயிற்று.

இரு கதவின் சிறப்புகளை முன்னர்க் கூறுவாம். உலோகக் கூட்டில் வாயில் வெட்டுந்தோறும் அதன் உறுதி குறைதற்கு இடமுண்டு. வாயில்கள் குறையின் கூடு முறுக்கத்தை நன்கு தாங்கும். மேலும், இத்தலைமுறைக் கூபேயின் கூரை கார்பன் இழையால் ஆயது. செடானின் கூரை எஃகினால் ஆயது. உச்சியில் எடை குறையின் வண்டியின் எடைமையம் தாழும்; வளைவுகளில் அது நிலைபெற்றுத் திரும்பும். கூரை பின்னோக்கி மெல்லத் தாழும் கோலமும், கண்ணாடிக்குச் சட்டமில்லாத கதவின் எழிலும் காண்பார் கண்ணைக் கவர்வன.

குறையும் உண்டு. இரண்டு கதவுகளே நான்கன் பணியையும் செய்ய வேண்டுதலின், அவை நீண்டும் கனத்தும் இருக்கும். நெருக்கமாக வண்டிகள் நிற்கும் இடத்தில் அவற்றை முற்றத் திறத்தல் அரிது. பழைய வண்டியாயின், கீல் தளர்ந்து கதவு தாழ்ந்துள்ளதா என்றும், மடித்து முன்னே தள்ளிய இருக்கை மீண்டு தன் இடத்தே நிற்கின்றதா என்றும் பார்த்தல் வேண்டும். கதவு நீண்டமையால் தோள்வார் தொங்கும் தூண் ஓட்டுவானுக்குப் பின்னே விலகி நிற்கும். கை எளிதில் எட்டாது. அதற்கென வாரை முன்னே நீட்டித் தரும் சிறு மின்கை ஒன்றைக் கூபேயில் அமைத்துள்ளனர். செடானில் அதற்குத் தேவையே இல்லை.

யாவற்றினும் பெரிய வேற்றுமை பின்னிருக்கையைப் பற்றியது. கூபேயில் பின்னே இருவர் அமரலாம். செடானில் மூவர் அமரலாம். தமையனார், அண்ணியார், பெற்றோர் என நால்வரே ஆதலின், எண்ணிக்கை கொண்டு இவ்வழக்கைத் தீர்த்தல் இயலாது. ஆயினும் கூபேயின் பின்னிருக்கையிற் புகுவார் முன்னிருக்கையை மடித்து, உடலை வளைத்து, ஒருக்களித்துப் புகுதல் வேண்டும். எம் தாயார் முழங்கால் நோயுடையவர். ஆலயத்தின் மூன்று படிகளையும் கைப்பிடி பற்றியே ஏறுபவர். அன்றியும், கூபேயிற் பின்னிருப்பார், முன்னிருப்பார் எழுந்து வழிவிட்டாலன்றி இறங்குதல் இயலாது. தம் விருப்பப்படி புகவும் இறங்கவும் தமக்கென ஒரு கதவு உண்டென்பது பின்னிருப்பார்க்கு எத்துணைப் பெரிய உரிமை என்பதை யாம் இவ்வாராய்ச்சியினாலேயே உணர்ந்தோம்.

இஃது அயல்நாட்டார்க்கே உரிய வினா அன்று. நம் சென்னையும் ஒருகால் இதற்கு விடை கூறியுள்ளது. 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு இரு கதவு வண்டி. சென்னையைச் சார்ந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனத்தார் அதனை 1960-களில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் பெயரால் இங்கே செய்தனர். முதலில் இரு கதவே இருந்தது. பின்னர் அந்நிறுவனத்தார், பிறந்த நாட்டில் இல்லாத நாற்கதவு ஹெரால்டு ஒன்றைத் தாமே ஆக்கி விற்றனர். பாட்டியும் பேரனும் ஒருங்கே ஏறும் நம் நாட்டு வண்டிக்குப் பின்கதவு இன்றியமையாததாதலை அவர் அறிந்திருந்தனர் போலும்.

இவற்றையெல்லாம் தொகுத்து, செடானே தக்கது என்று தமையனார்க்கு எழுதினோம். அவர் ஒருவாரம் வாளா இருந்தார். பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாம் ஆலயத்தினின்று மீண்டபின், கைப்பேசித் திரையில் தோன்றித் தம் உள்ளக் கிடக்கையை எம்மிடம் வெளியிட்டார். அதனை விளக்குதற்கு எம் தந்தையாரைப் பற்றி ஈண்டுச் சிறிது கூறல் வேண்டும்.

எம் தந்தையார் பாளையங்கோட்டையில் ஒரு வணிகரிடம் 28 ஆண்டுகள் காரோட்டியாய் இருந்தவர். அவர் நெடுநாள் ஓட்டியது நம் நாட்டார் நன்கறிந்த அம்பாசடர். 2014 வரை மேற்கு வங்காளத்து உத்தர்பாராவிற் செய்யப்பெற்ற அந்நாற்கதவு வண்டியில் முதலாளி பின்னே அமர்வார். ஊழியன் முன்னே அமர்ந்து ஓட்டுவான். வண்டி நின்றவுடன் இறங்கிச் சுற்றிவந்து பின்கதவைத் திறந்து நிற்றல் தந்தையாரின் கடமைகளுள் ஒன்று. அவ்வூதியத்தினாலேயே தமையனார் பொறியியல் பயின்றார். யாம் தமிழ் பயில்கின்றோம். முதலாளியும் நல்லவரே. ஆயினும் மழையில் நனைந்துகொண்டே கதவைப் பிடித்து நின்ற தந்தையின் உருவம் சிறுவராயிருந்த தமையனாரின் நெஞ்சில் ஆழப் பதிந்துவிட்டது.

‘தம்பி, நாற்கதவு வண்டி என்றால் எனக்குப் பின்னே ஒரு முதலாளி அமர்ந்திருப்பதாகவே தோன்றும். இரு கதவு வண்டியில் ஓட்டுபவனே உடையவன். அதில் ஒருவன் மற்றொருவனுக்குத் திறந்துவிட வேண்டிய பின்கதவே இராது. அப்பா அத்தகைய வண்டியில் ஒருநாளேனும் ஏற வேண்டும்’ என்றார்.

இதற்கு யாம் மறுமொழி கூற அறியேம். கார்பன் கூரையும் எடைமையமும் அவர் வழக்கின் மேற்பூச்சே என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று. தந்தையாரின் பெருமையைக் காத்தற்கே அவர் இரு கதவை நாடினார். அப்பெருமைக்கு விலையாகத் தாயாரின் முழங்கால் வளைய வேண்டியிருந்தது.

அருகே அமர்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்த தந்தையார் யாவற்றையும் கேட்டிருந்தார். இதழை மடித்து வைத்துவிட்டுக் கைப்பேசியை வாங்கினார். ‘ஐயா, நான் முதலாளிக்குக் கதவு திறந்தது என் வேலை. வேலையில் எனக்கு வெட்கம் இருந்ததில்லை, உனக்கும் வேண்டாம். உன் அம்மாவுக்கு நீ கதவு திறப்பது வேலையாகுமா? பின்கதவுள்ள வண்டியையே வாங்கு. நான் பின்னே அமரப் போவதில்லை. இத்தனை ஆண்டும் வண்டியை ஓட்டினேன்; என் பிள்ளை ஓட்ட, அவன் பக்கத்தில் ஒருநாள் கை கட்டி அமர்ந்து வர வேண்டும். எனக்கு வேண்டுவது அவ்வளவே’ என்றார். தமையனார் சற்றே முகம் திருப்பிக்கொண்டார். பின்னர், ‘சரி அப்பா’ என்றார்.

வெள்ளிநிறச் செடான் அடுத்த வாரமே வாங்கப்பெற்றது. ஜூன் திங்களில் பெற்றோர் மியூனிக் சென்று, ஐந்து வாரம் தங்கி, இனிது மீண்டனர். விமான நிலையத்து வாயிலில் தமையனார் பெட்டிகளை வைத்துவிட்டு வருமுன்னரே, தந்தையார் பின்கதவைத் திறந்து தாயாரை அமர்த்திவிட்டாராம். பின்னர் முன்னிருக்கையில் ஏறி, வாரை மாட்டி, கியர் மாற்றும் மகன் கையை ஊர் எல்லை வரை நோக்கியே இருந்தாராம். ‘கிளட்சை மெல்ல விடுகிறான்; நன்றாய்க் கற்றிருக்கிறான்’ என்பதே அவர் கொணர்ந்த செய்தி. தாயாரோ, வண்டி வேகமாய்ச் சென்றதா என்பதே தமக்குத் தெரியவில்லை என்றார். ஐந்து வாரமும் தமையனார் எவ்வளவு மெல்ல ஓட்டினார் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இதனால் இரு கதவு இழிந்தது என்று கூறுகின்றோமல்லேம். தனித்துச் செல்வானுக்கும், வளைவுகளின் இன்பம் நாடுவானுக்கும் அது தக்கதே. ஆனால் பழைய விரைவு வண்டி ஒன்றை வாங்கக் கருதுவார், எஞ்சினையும் விலையையும் எண்ணிய பின், பின்னே அமர்வார் யாவர், அவர் எவ்வாறு ஏறி இறங்குவர் என்பதையும் எண்ணுவாராக. இம்மலர் படிக்கும் பழைய மாணவர் பலர் அயல்நாடுகளில் வாழ்கின்றனர். அவர்தம் வண்டிகளில் பெற்றோர் எளிதில் ஏறி இனிது இறங்குவாராக.