காணாமற்போன குறிப்பேடு

திருப்பதியிலிருந்து புத்தூருக்குச் செல்லும் சாலையில் வடமாலபேட்டை இருக்கிறது. ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி சென்ற ஆண்டு தன் பெற்றோருடன் அவ்வூருக்குக் குடிவந்தாள். அவள் தந்தைக்கு ரயில்வேயில் வேலை. குண்டக்கல்லிலிருந்து ரேணிகுண்டாவுக்கு மாற்றல் ஆகியிருந்தது.

குண்டக்கல்லில் இருந்தபோதே அவளுடைய புத்தகப் பை பெருஞ்சுமையாக இருந்தது. ஆறு, ஏழாம் வகுப்பு மாணவரின் பை 4 கிலோவுக்கு மேற்படலாகாது என்று மத்திய அரசு 2018 நவம்பரில் அறிவுறுத்தியது. அம்மா ஒருநாள் அவள் பையை மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தார், ஐந்தரைக் கிலோ! உள்ளே மை தீர்ந்த பேனாக்கள், மூடியில்லாத பசைக்குப்பி, சென்ற பருவத்து வினாத்தாள்கள், ஒன்றுக்கு மூன்றாக அளவுகோல்கள், எப்போதோ வைத்த ஒரு கொய்யாக்காய். எல்லாவற்றையும் அகற்றிய பின்னும் எடை சற்றே மிகுந்திருந்தது. அவள் தமிழ்க் குறிப்பேட்டையும் வெளியே எடுத்தாள். வாரத்தில் இரண்டு நாள்தானே தமிழ் வகுப்பு!

அந்தக் குறிப்பேடு ஓர் அட்டைப்பெட்டியில் பழைய செய்தித்தாள்களோடு கிடந்தது. வீடு மாறும் அவசரத்தில் அப்பெட்டி அப்படியே பழைய தாள் வாங்குபவரிடம் போய்விட்டது.

பாடக் குறிப்புகளைத் தோழியரிடம் பெற்று எழுதிவிடலாம். ஆனால் அதன் கடைசிப் பக்கங்களில் வேறொன்று இருந்தது. திருத்தணிக்கு அருகில் ஒரு சிற்றூரில் வாழும் தாத்தா, விடுமுறையில் வரப்போரம் அழைத்துச் சென்று காட்டிய செடிகொடிகளின் பெயர்களை அவள் எழுதி வைத்திருந்தாள். நெருஞ்சி, குப்பைமேனி, பிரண்டை, தூதுவளை என எண்ணிட்டு நாற்பத்து மூன்று பெயர்கள்.

திண்ணைப் பள்ளிக் காலத்து மாணவர் தம் ஏடுகளைக் காத்த விதம் இங்கு நினைக்கத்தக்கது. பனையோலை ஏட்டின் இரு பக்கமும் துளையிடுவர். ஒரு துளையில் நாராசம் எனப்படும் மெல்லிய கம்பியையோ மூங்கிற் குச்சியையோ செருகுவர். மற்றொன்றில் கயிற்றைக் கோத்துச் சுவடியைச் சுற்றிக் கட்டுவர். கயிறு இருக்கும்வரை ஏடு வரிசை மாறாது. பல சுவடிகளை ஒன்றாக எடுத்துச் செல்ல உறி போன்ற சுவடித்தூக்கும் இருந்தது. கட்டு அவிழ்ந்த சுவடிகளால் பெருந்தொல்லை பட்டவர் உ.வே. சாமிநாதையர். அவர் பத்துப்பாட்டை 1889-இல் பதிப்பித்தார். அதற்கென ஏடுகளை ஒப்பிட்டபோது, குறிஞ்சிப்பாட்டின் நீண்ட பூப்பட்டியலில் சில பெயர்கள் விடுபட்டிருந்தன. எங்கெங்கோ தேடி, முடிவில் தருமபுர ஆதீனத்துப் பழஞ்சுவடிகளுக்குள் அவற்றைக் கண்டெடுத்தார். எல்லா ஏட்டுக்கும் அந்த நற்பேறு வாய்ப்பதில்லை.

சிறுமி அழுதுகொண்டே தாத்தாவுக்குத் தொலைபேசியில் செய்தியைச் சொன்னாள்.

"அதுக்கென்ன கண்ணு, நான் மறுபடியும் சொல்றேன், நீ எழுதிக்கோ" என்றார் அவர்.

அன்றிரவு முப்பத்தொரு பெயர்கள் கிடைத்தன. மற்றவை செடியை நேரில் பார்த்தால்தான் நினைவுக்கு வரும் என்று தாத்தா சொல்லிவிட்டார்.

இப்போது அவள் வீட்டில் கால அட்டவணை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டப்பட்டிருக்கிறது. இரவு உணவுக்கு முன் மறுநாளைய புத்தகங்கள் மட்டும் பைக்குள் போகின்றன. பென்சில், அழிப்பான், துருவி ஆகியவற்றுக்குப் பழைய பிஸ்கட் டப்பா ஒன்று. தமிழ்க் குறிப்பேட்டுக்கு மட்டும் தனியிடம். வாசற்கதவின் பக்கத்து ஆணியில், திருமண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்த மஞ்சள் பையில் அது தொங்குகிறது. தமிழ் வகுப்பில்லாத நாளிலும் வெளியே போகிறவர் கண்ணில் அது படாமற்போகாது.

அதன் கடைசிப் பக்கத்தில் முப்பத்திரண்டு முதல் நாற்பத்து மூன்று வரை எண்கள் மட்டும் எழுதப்பட்டுள்ளன. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போகும்போது அவற்றை நிரப்ப வேண்டும். சில செடிகள் மழைக்குப் பின்புதான் முளைக்கும், அதுவரை பொறுத்திரு என்று தாத்தா சொல்லியிருக்கிறார்.