நின்றதும் ஓடியதும்

பாடியில் தொடங்கி அம்பத்தூர் வழியாக ஆவடி வரையில் நீளும் எங்கள் பிரதேசத்தில் வாகனத்தைச் சாராத ஜீவனம் அபூர்வம். பாடியில் சக்கரம் செய்கிறார்கள், பிரேக் செய்கிறார்கள், மோட்டாருக்கு வேண்டிய மின்கருவிகள் செய்கிறார்கள். ஆவடியில் ராணுவத்துக்கு டாங்கி செய்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் உபயோகமாகும் சில்லறைச் சாமான்களை அம்பத்தூர் எஸ்டேட்டின் லேத்துப் பட்டறைகள் இரவும் பகலும் கடைந்து தள்ளுகின்றன. இப்படிப்பட்ட இடத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வேகத்தின்மீது ஒருவித பக்தி உண்டாவதில் ஆச்சரியமில்லை. செங்குன்றத்துக்கு அப்பால் சோழவரத்தில், இரண்டாம் உலக யுத்த காலத்து விமான ஓடுபாதையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்கள் நடத்திய நாட்களில், இங்கிருந்து சைக்கிளிலேயே போய்ப் புழுதியில் நின்று பார்த்துவிட்டு வந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பின்னர் 1990 வாக்கில் பந்தயம் பூந்தமல்லிக்கு மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையில் உள்ள இருங்காட்டுக்கோட்டைக்குக் குடிபெயர்ந்தது, சுமார் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த வளைவுப் பாதைதான் இப்போது எங்கள் பக்கத்து இளைஞர்களின் க்ஷேத்திரம்.

பந்தயத்தில் வென்றவனைவிட, விழுந்து எழுந்தவனிடத்திலேயே ஜனங்களுக்கு அபிமானம் அதிகம் என்பது நான் நெடுநாளாகக் கவனித்து வரும் விசித்திரம். 2025 ஜனவரி 7ஆம் தேதி துபாயில் பயிற்சி ஓட்டத்தின்போது நடிகர் அஜித்குமாரின் கார் தடுப்பில் மோதிச் சுழன்று நின்ற காட்சி, அன்று பொழுது சாய்வதற்குள் அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்தில் காத்திருந்தோர் கைப்பேசிகளிலெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் வசிக்கும் பட்டறை இளைஞர் ஒருவர், தம் சம்பளத்தில் கணிசமான பகுதியை ராக்கி தியேட்டரின் முதல் நாள் முதல் காட்சிக்கே அர்ப்பணித்துவிட்டவர், கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி, "பாத்தீங்களா சார், அவரே நடந்து வர்றாரு!" என்றார். கார் நொறுங்கியது அவருக்கு ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. நடந்து வந்ததுதான் விஷயம். ஐந்து நாள் கழித்து, 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்தின் குழு தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்று, அவர் தேசியக் கொடியை ஏந்தி ஓடி வந்தபோது, தெருவில் வெடி வெடித்தார்கள்.

அந்த ஐந்து நாட்களுக்கு நடுவே நிகழ்ந்த ஒரு காரியத்தைப் பற்றி மட்டும் தெருவில் ஒருவரும் பேசவில்லை. மூன்றாம் இடம் பெற்ற அந்தக் காரைப் பந்தயத்தில் அஜித் ஓட்டவில்லை. விபத்துக்குப் பின், இத்தனை நீண்ட பந்தயத்தில் தம் உடல்நிலையையும் குழுவின் வாய்ப்பையும் சீர்தூக்கிப் பார்த்து, தம் பெயரையே தாங்கிய குழுவின் காரைச் சகாக்களிடம் ஒப்படைத்துவிட்டு அவர் விலகிக்கொண்டார். வேறொரு பிரிவில் ஓடிய இன்னொரு காரில்தான் பங்கேற்றார். முதுகில் பட்ட அடிகளாலும் அறுவைச் சிகிச்சைகளாலும் பல வருஷங்கள் அவதியுற்று, 2003இல் ஆசியப் பந்தயங்களிலும் 2010இல் ஐரோப்பாவில் ஃபார்முலா 2இலும் ஓட்டி, பிறகு வெகுகாலம் ஒதுங்கியிருந்து, ஐம்பத்து மூன்றாம் வயதில் திரும்பிவந்த ஒருவர், லட்சக்கணக்கான கண்கள் தம்மையே பார்த்துக்கொண்டிருக்கும் வேளையில், 'இதை நான் ஓட்டமாட்டேன்' என்று சொல்வது லேசான காரியமா? 2011இலேயே தம் ரசிகர் மன்றங்களைக் கலைத்த மனிதருக்கு அது ஸ்வபாவமாக வந்திருக்கலாம். அடுத்த மாதமே ஸ்பெயினில் வலென்சியாவில் அவர் கார் உருண்டபோதும் எங்கள் தெரு அந்த உருளலைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தது.

மீண்டு வருவது என்பது கதவைத் திறந்துகொண்டு நடந்து வருகிற அரை நிமிஷ சமாசாரம் அன்று. பெங்களூரைச் சேர்ந்த மோட்டார் சைக்கிள் வீராங்கனை ஐஸ்வர்யா பிஸ்ஸே 2018இல் ஸ்பெயினின் அரகோன் பாலைப் பந்தயத்தில் விழுந்து கணையம் சேதமுற்றார். அடுத்த வருஷம் அதே அரகோனுக்குத் திரும்பிப் போய் ஓட்டியதோடு, பெண்கள் பிரிவில் பாஹா உலகக் கோப்பையையும் வென்றார். மோட்டார் பந்தயத்தில் உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே. விழுந்தார், வென்றார் என்ற இரண்டு சொற்களுக்கு இடையே எத்தனை மாதப் படுக்கையும் பத்தியமும் வேதனையும் அடங்கியிருக்கும் என்பதை, வயிற்றில் ஒரு சிறு ஆபரேஷன் செய்துகொண்டவர்களாவது ஒருவாறு ஊகிக்கலாம். எங்கள் எஸ்டேட்டில் பவர் பிரஸ்ஸில் விரலைப் பறிகொடுத்துவிட்டு, கட்டு அவிழ்ந்த மறுவாரமே அதே இயந்திரத்தின் முன்னால் போய் நின்றவர்களை நான் அறிவேன். அவர்களைப் பார்த்து ஒருவரும் விசிலடித்ததில்லை. கோப்பை இருந்தால்தான் தைரியம் கண்ணுக்குத் தெரிகிறது போலும்!

எழுந்தவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதில் இன்னொரு தோஷமும் உண்டு. 2023 ஜனவரி 8ஆம் தேதி, இதே இருங்காட்டுக்கோட்டையில், அனுபவமிக்க பந்தய வீரர் கே.இ.குமார் தம் ஐம்பத்தொன்பதாம் வயதில் விபத்தில் காலமானார். அதே வருஷம் ஆகஸ்டில், பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் அங்கே மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் உயிரிழந்தான். இவர்களுடைய மன உறுதி எழுந்தவர்களுடையதைவிடக் குறைந்தது என்று எந்த நெஞ்சுள்ளவன் சொல்லுவான்? மன உறுதியால் மட்டுமே மனிதன் பிழைப்பதில்லை. 2020 நவம்பரில் பஹ்ரைனில் ஃபார்முலா 1 வீரர் ரொமான் குரோஷானின் கார் இரண்டாகப் பிளந்து தீப்பற்றியபோது, சுமார் 28 வினாடி நெருப்புக்குள் இருந்துவிட்டு அவர் வெளியே வந்ததற்கு அவருடைய திடசித்தம் ஒரு காரணம். தலைக்கு மேலிருந்த 'ஹாலோ' என்ற காப்புச் சட்டம் மற்றொரு காரணம். 2018இல் அதைக் கட்டாயமாக்கியபோது, அது வேண்டாம் என்று முகம் சுளித்தவர்களில் அவரும் ஒருவர்.

பட்டறை இளைஞர் 'ரஷ்' என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்துவிட்டு, அதில் வரும் ஃபார்முலா 1 வீரர் நிக்கி லாடாவின் பரம பக்தராகவும் ஆகிவிட்டார். 1976 ஆகஸ்ட் 1ஆம் தேதி ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் பாதையில் தீக்கிரையான ஃபெராரி காரிலிருந்து லாடாவை வெளியே இழுத்தவர்கள் சக ஓட்டுநர்கள். அவர்களுள் ஒருவரான அர்த்தூரோ மெர்ஸாரியோ தம் பந்தயத்தை விட்டுவிட்டு நெருப்புக்குள் கைவிட்டு இருக்கைப் பட்டையை அவிழ்த்திராவிட்டால், சொல்வதற்குக் கதையே இருந்திராது. ஆஸ்பத்திரியில் பாதிரியார் வந்து அந்திமப் பிரார்த்தனையும் செய்துவிட்டார். அதன் பின்னும் ஆறே வாரத்தில், தலைக்காயம் ஆறாமல் ரத்தம் கசியும் கட்டின்மீதே தலைக்கவசம் அணிந்து, மோன்சாவில் நான்காவதாக வந்தார். பயத்தை வென்றுவிட்டேன் என்று அன்று உலகத்துக்குச் சொன்னது பொய் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். மோன்சாவைவிட எனக்கு அந்த ஒப்புதல்தான் பிடிக்கும்.

எனக்கும் இளைஞருக்கும் தீராத வழக்கு ஒன்று உண்டு. அவ்வருஷம் அக்டோபர் 24ஆம் தேதி ஜப்பானில் ஃபியூஜியில் கடைசிப் பந்தயம். லாடாவுக்கு உலகப் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மழையோ கண் தெரியாமல் கொட்டியது. இரண்டு சுற்று ஓட்டிய லாடா காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு இறங்கிவிட்டார். இயந்திரக் கோளாறு என்று பத்திரிகைகளுக்குச் சொல்லிவிடலாமே என்று குழுவின் பொறியாளர் யோசனை சொன்னதையும் ஏற்கவில்லை. அவருடைய போட்டியாளர் ஜேம்ஸ் ஹன்ட் மூன்றாவதாக வந்து, ஒரே ஒரு புள்ளியில் பட்டத்தை எடுத்துக்கொண்டார். "இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தா கப்பு அவருக்குத்தான் சார், அங்கதான் தப்பு பண்ணிட்டாரு" என்பது இளைஞரின் கட்சி. மோன்சாவில் ஓடுவதற்கு வேண்டிய தைரியத்தை ஊரார் கைதட்டல் ஓரளவு கொடுத்திருக்கும். ஃபியூஜியில் நிற்பதற்கு வேண்டிய தைரியத்தைக் கொடுக்க ஒருவரும் இல்லை. ஆகையால் நின்றதே பெரிது என்பது என் கட்சி. ஞாயிற்றுக்கிழமைகளில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயம் முடிந்ததும், தலைக்கவசத்தைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு பூந்தமல்லிச் சாலையில் சீறிக்கொண்டு திரும்பும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் என் கட்சி மேலும் வலுப்படுகிறது. இளைஞர் மசிவதாக இல்லை. புள்ளிக் கணக்கைக் கேட்டால் மட்டும் சற்று மௌனமாகிறார்: 1976இல் ஒரு புள்ளியில் பட்டத்தை விட்டுக்கொடுத்த லாடா, மறு வருஷமே அதை மீட்டார், 1984இல் மூன்றாம் முறையாக வென்றபோது, இரண்டாவதாக வந்த அலென் பிராஸ்டுக்கும் அவருக்கும் இடையே இருந்தது அரைப் புள்ளி.