பிந்தி வருவோர்க்கும் ஒரு நத்தார்

திருநாள்கள் ஒரு சமூகத்தின் உழைப்போடும் காலக்கணக்கோடும் பிணைந்தவை. உழவர் திருநாளாகிய பொங்கல் ஒரே பொழுதில் முடிந்துவிடுவதில்லை. வீட்டைத் துப்புரவாக்கும் நாளிலே தொடங்கி, மாட்டுப் பொங்கலைக் கடந்து, உற்றாரைச் சென்று காணும் நாளில் அது நிறைவுறுகின்றது. முதல் நாளில் வர இயலாதவனுக்குப் பின் நாளிலும் அதில் இடமுண்டு. கிறிஸ்தவரின் நத்தாரும் தன் பழைய வடிவில் இத்தகைய நீண்ட திருநாளே. இன்றோ அது பெரும்பாலான இல்லங்களில் டிசம்பர் 25ஆம் திகதி என்னும் ஒற்றை நாளுக்குள் ஒடுங்கிவிட்டது. இவ்வொடுக்கத்தால் விளைந்த இழப்பினைச் செல்வம் மலிந்த நகரங்களைவிட, மடுல்சீமை போன்ற மலையகத் தோட்டங்களிலேயே தெளிவாக உணரலாம்.

பதுளையிலிருந்து பசறை வழியாக வளைந்தேறும் பாதை மடுல்சீமையை அடைகின்றது. எங்கும் தேயிலை மலைகள். அப்பால், மக்கள் 'சிறிய உலகமுடிவு' என வழங்கும் செங்குத்தான பள்ளம். ஊவாத் தேயிலை தன் மணத்தாற் சிறப்புறுவது யூலை முதல் செப்ரெம்பர் வரை வீசும் வறண்ட காற்றின் காலத்திலாகும். நத்தார் வருவதோ வடகீழ்ப் பருவமழைக் காலத்தில். பெரட்டுக் களத்துக்கு விடியலிற் செல்வோரும், கொழுந்தை நிறுத்துக் கொடுத்து மாலையில் லயத்துக்குத் திரும்புவோரும் தூறலோடும் மூடுபனியோடும் போராடும் பருவம் அது.

இத்தோட்டங்களில் இந்துக்களே பெரும்பான்மையினர். கிறிஸ்தவர் சிறு தொகையினர். எனினும் அவர்களின் வரலாறு நீண்டது. தோட்டத் தொழிலாளர் நடுவே பணிபுரிவதற்கெனத் தமிழ்க் கூலி மிசன் 1854ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்றது. பதுளை நகரின் மாற்கு ஆலயம் 1857ஆம் ஆண்டு முதல் நின்று நிலவுகின்றது. கத்தோலிக்கருக்கெனப் பதுளை மறைமாவட்டம் 1972இல் அமைந்தபோது அதன் முதல் ஆயரான லியோ நாணயக்கார, தோட்ட மக்களின் வாழ்வைத் திருச்சபை அணுகி அறியவேண்டும் என வற்புறுத்தியவர். இவ்வாறு பல சபைகளின் வழிவந்த கிறிஸ்தவரை, ஒரே லயத்தில் இந்து அயலவரோடு சுவரைப் பங்கிட்டு வாழ்பவர்களாக இங்கு காண்கின்றோம்.

இம்மக்களின் குடும்பங்கள் இன்று சிதறியுள்ளன. தேயிலையை மட்டும் நம்பி வாழ இயலாமையால் இளைஞரும் யுவதிகளும் கொழும்பின் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் செல்கின்றனர். தாய்மாருட் பலர் மத்திய கிழக்கு நாடுகளில் வீட்டுப் பணி புரிகின்றனர். கொழும்பிலே கடைச் சிப்பந்தியாக உள்ள ஒரு மகளின் நிலையை எண்ணிப் பார்த்தல் தகும். பிறர் நத்தாருக்குப் பொருள் வாங்கும் நாள்களே அவளுக்கு வேலை மிகுந்த நாள்கள். இருபத்துநான்காம் திகதி இரவு கடை மூடும்வரை அவளால் நகர இயலாது. அதன் பின்னர் புறப்பட்டாலும், கொழும்புக்கும் பதுளைக்கும் இடையே புகைவண்டிப் பாதை ஏறத்தாழ 290 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. அதன் பின் பசறைப் பாதையும் மலையேற்றமும் உள்ளன. அவள் லயத்தின் வாசலை அடையும்போது ஆராதனை முடிந்திருக்கும், அடுப்பு அணைந்திருக்கும். பிஸ்கட் தகரத்தில் தாய் ஒளித்துவைத்த நான்கு அதிரசங்களே அவளுக்குரிய நத்தார். உணவு மிஞ்சியிருக்கலாம், திருநாள் மிஞ்சுவதில்லை. ஒரே நாளில் முடியும் பண்டிகை, அந்நாளில் வர இயலாதவரை வெளியே நிறுத்திவிடுகின்றது.

பழைய வழக்கம் இவ்வாறு இருந்ததில்லை. இலங்கைத் தமிழர் வழங்கும் 'நத்தார்' என்னும் சொல், பிறப்பைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லாகிய 'நத்தால்' என்பதன் திரிபாகும். அச்சொல்லைக் கொணர்ந்த மக்களிடையே அப்பெயர் ஒரு நாளை மட்டுமன்றி ஒரு காலத்தையே உணர்த்திற்று. கி.பி. 567இல் பிரான்சு நாட்டுத் தூர் நகரிற் கூடிய திருச்சபைச் சங்கம், நத்தார் முதல் மூவரசர் திருநாள் வரையுள்ள நாள்கள் யாவற்றையும் திருநாள்களாகவே குறித்தது. இப்பன்னிரு நாள்களுக்கு முன்னே திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகள் ஆயத்தத்துக்கென அமைந்தன. பின்னே, நாற்பதாம் நாளாகிய பெப்ரவரி 2இல், மெழுகுவர்த்திகளை ஆசீர்வதிக்கும் திருநாள் வந்தது. ஆர்மேனியத் திருச்சபை இன்றும் சனவரி 6ஆம் திகதியிலேயே ஆண்டவரின் பிறப்பைக் கொண்டாடுகின்றது. கோவாவின் சில ஊர்களிலே மூவரசர் விழா அந்நாளில் ஊர்வலத்தோடு நிகழ்கின்றது.

இந்நீண்ட காலம் குறுகியமைக்குக் காரணங்கள் பல. இங்கிலாந்தின் பாராளுமன்றம் 1647இல் நத்தாரையே தடைசெய்தது. ஸ்கொத்லாந்திலே நத்தார் தினம் பொது விடுமுறையானது 1958ஆம் ஆண்டிலேதான். இலங்கையின் தோட்டத்துரைமாருட் பலர் அந்நாட்டினர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. தொழிற்சாலையும் மணிக்கூடும் மனிதரின் நாளை ஆளத் தொடங்கியதும், பல நாள் விழாக்கள் முதலாளியின் கணக்கில் இழப்பாயின. தோட்டத்திலும் பெயர் பதிந்தால் அன்றைய கூலி, பதியாவிடில் இல்லை. இத்தகைய வாழ்வில் திருநாள் ஒரு நாளுக்குள் அடங்கியது வியப்பன்று. இக்காலத்தில் வணிகம் எஞ்சியதையும் எடுத்துக்கொண்டது. நவம்பரிலேயே கடைகள் மின்விளக்கு ஏற்றுகின்றன. இருபத்தாறாம் திகதி அவ்விளக்குகள் கழற்றப்படுகின்றன. பண்டிகையின் முன்பகுதி விற்பனைக்காக நீண்டது. குடும்பத்துக்குரிய பின்பகுதி அறுந்துபோயிற்று.

அப்பின்பகுதியின் பொருளை உணர்வதற்கு மத்தேயுவின் சுவிசேஷத்தை நோக்குதல் வேண்டும். கிழக்கிலிருந்து வந்த ஞானியர் பிறப்பன்றே வந்தவரல்லர். நெடுந்தூரம் நடந்து, வழியில் எருசலேமில் விசாரித்து, பிந்தியே வந்தனர். அவர்கள் பிள்ளையைக் கண்டது தொழுவத்தில் என்று மத்தேயு கூறவில்லை. ஒரு வீட்டினுள் என்றே கூறுகின்றார். வேலையின் பொருட்டோ வழியின் தூரத்தாலோ பிந்துவோருக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி வேறில்லை. நத்தாரின் மூலக்கதையிலேயே பிந்தி வருவோர்க்கு ஓர் இடம் உண்டு. அவர்களுக்கென ஒரு தனித் திருநாளும் உண்டு.

இதனை ஒட்டியே ஐரோப்பியரின் பல இல்லங்களில் அழகியதொரு வழக்கம் நிலவி வந்துள்ளது. குடில் அமைக்கும்போது மூன்று அரசரின் உருவங்களைக் குடிலில் வைப்பதில்லை. வீட்டின் தொலைவான மூலையிலோ யன்னல் ஓரத்திலோ வைத்து, நாள்தோறும் சிறிது சிறிதாக நகர்த்தி, சனவரி 6இல் குடிலை அடையச் செய்வர். லயத்தின் ஒற்றை அறையில் இதற்குச் செலவு ஏதுமில்லை. மலைச்சரிவின் களிமண்ணாற் செய்த உருவங்களும், மானாப்புல்லால் வேய்ந்த கூரையும், ஓடையோரத்துப் பாசியும் போதும். நகர்த்தும் பொறுப்பு வீட்டின் சிறு பிள்ளையுடையதாயின், அரசர் இன்னும் வழியில் இருக்கின்றார் என்பதையும், அக்கா இன்னும் வழியில் இருக்கின்றாள் என்பதையும் அப்பிள்ளை ஒருசேர விளங்கிக்கொள்ளும்.

பழைய வழக்கங்கள் செல்வர்க்கே உரியன என எண்ணுதல் தவறு. திருவருகைக் காலத்தில் மெழுகுவர்த்தி வளையம் ஏற்றும் வழக்கம் 1839ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரிலே தொடங்கியது. வறிய பிள்ளைகளின் இல்லமொன்றை நடத்திய யோகான் விஹேர்ன் என்னும் போதகரை, நத்தார் எப்போது வரும் என அப்பிள்ளைகள் நாள்தோறும் வினவினர். அவர் பழைய வண்டிச் சில்லொன்றிலே வாரநாள்களுக்குச் சிறிய மெழுகுவர்த்திகளையும் ஞாயிறுகளுக்குப் பெரியவற்றையும் நிறுத்தி, நாளுக்கு ஒன்றாக ஏற்றுவித்தார். காத்திருத்தலையே கொண்டாட்டமாக்கிய அவ்வழக்கம் வறுமையிற் பிறந்ததே.

மடுல்சீமையின் ஒரு வீடு இக்காலத்தை எவ்வாறு மீட்கலாம்? நான்கு ஞாயிறு மாலைகளில் நான்கு மெழுகுவர்த்திகள். அவற்றின் ஒளியில் ஒரு கீர்த்தனை. டிசம்பர் 26, ஸ்தேவானின் நாள். ஏழைகளுக்கும் பணியாளருக்கும் பெட்டியில் ஈகை வழங்கிய நாள். அன்று பலகாரத் தட்டு அயல் லயத்தின் முதியவரிடம் செல்லலாம். 28ஆம் திகதி மாசற்ற குழந்தைகளின் நாள். அன்று பிள்ளைகளே வீட்டின் தலைவர். அன்றைய சமையலை அவர்கள் தீர்மானிக்கட்டும். ஆண்டின் இறுதி இரவில், மெதடிஸ்தர் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து பேணும் விழிப்பு ஆராதனை. மூவரசர் திருநாளில் வாசல் நிலையின்மேல் வெண்கட்டியால் புத்தாண்டின் எண்ணையும் காஸ்பர், மெல்கியோர், பல்தாசர் என்னும் பெயர்களின் முதலெழுத்துக்களையும் எழுதி வீட்டை ஆசீர்வதித்தல். பல நாடுகளில் இத்திருநாள் அதனை அடுத்துள்ள ஞாயிறுக்கு மாற்றப்பட்டுள்ளது. ஞாயிறு தோட்டத்திலும் ஓய்வுநாளாதலின் அது தொழிலாளர்க்கும் பொருந்தும்.

இதற்கு எழக்கூடிய தடைகள் இரண்டு. முதலாவது, பன்னிரு நாள் விடுமுறைக்கு எவரிடம் செல்வது என்பது. பழைய பன்னிரு நாள்களும் உழைப்பை முற்றாக நிறுத்துமாறு கேட்கவில்லை. கொழுந்து நிறுத்துத் திரும்பிய பின்னர் ஒரு நாழிகைப் பொழுதே அவற்றுக்குப் போதும். இரண்டாவது, பணம். பண்டிகை முற்பணம் வாங்கி, ஒரே நாளில் உடைக்கும் கேக்குக்கும் இறைச்சிக்கும் செலவிட்டு, அடுத்த மாதங்களிற் சம்பளத்திலிருந்து கழிபடுதலை எண்ணி வருந்துவது ஒற்றை நாள் நத்தாரின் விளைவாகும். எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டவேண்டும் என்னும் நெருக்குதலே கடனை வளர்க்கின்றது. அதே மாவையும் சர்க்கரையையும் பன்னிரு நாள்களுக்குப் பகிர்ந்தால் செலவு கூடாது, மகிழ்ச்சி நீளும்.

அயலவரின் வாழ்வோடும் இந்நீட்சி இயைகின்றது. நத்தார் முதல் மூவரசர் திருநாள் வரையுள்ள பன்னிரு நாள்களும் மார்கழி மாதத்துக்குள்ளேயே அடங்குகின்றன. ஒரு லயத்தின் வாசலைக் கடந்து விடியற்காலை மார்கழிப் பஜனை செல்ல, இரவில் அதே வாசலுக்கு நத்தார்ப் பாடகர் வருவர். மூவரசர் திருநாள் கழிந்து ஒரு வாரத்துக்குச் சற்று மேலான இடைவெளியில் தைப்பொங்கல் பிறக்கின்றது. வெண்கட்டி எழுத்து அழியாத வாசலிலேயே அயல்வீட்டுப் பொங்கல் வந்து சேரும். நீண்ட நத்தார், கிறிஸ்தவக் குடும்பத்தைத் தன்னுள் அடைத்துக்கொள்ளாது, மலையகத்தின் பொதுத் திருநாட்காலத்தோடு இணைக்கின்றது.

இம்மக்கள் பிரிவை நன்கு அறிந்தவர்கள். 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பல்லாயிரம் குடும்பங்கள் தலைமன்னாரிலிருந்து கப்பலேறின. அண்ணன் இங்கும் தம்பி நீலகிரியிலுமாகக் குடும்பங்கள் பிளந்தன. 1984இல் அக்கப்பற் போக்குவரத்தும் நின்றது. அந்நாள்களில் ஒரு நத்தார் வாழ்த்து உரிய நாளில் வந்து சேரும் என்பதற்கு உறுதியில்லை. இன்று கைத்தொலைபேசி ஒரு கணத்திற் குரலைக் கொண்டுவருகின்றது. ஆனால் ஆளைக் கொண்டுவருவது விடுமுறையும் வழிச்செலவுமே. அவை கிட்டும் நாள் டிசம்பர் 25ஆக இருக்கவேண்டும் என்பதில்லை.

எனவே பழைய நத்தார் வழக்கங்களை மீட்பதென்பது பழமைமேற் கொண்ட வெறும் பற்றன்று. சிதறிய குடும்பத்துக்கு ஏற்றவாறு காலத்தை அமைத்துக்கொள்ளும் ஒழுங்கு அது. முப்பதாம் திகதி வருபவளும் சனவரி நான்காம் திகதி வருபவனும் மிஞ்சிய பலகாரத்தின் விருந்தினர் ஆகாமல், நடந்துகொண்டிருக்கும் திருநாளின் உறுப்பினர் ஆகவேண்டும். அதற்குத் தேவையானது ஒன்றே: மூன்று அரசரும் வந்து சேரும்வரை எந்த வீட்டிலும் குடிலைக் கலைக்காதிருத்தல்.